பனி உருகினால் கடல் உயருமா?

உலகின் வடகோடியிலும் தென்கோடியிலும் பனிப்பாளங்கள் உருகுவதால் கடல் மட்டம் உயர்கிறது என்று செய்திகளில் அடிக்கடி கேள்விப்படுகிறோம். இஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதை நாம் அறிந்து கொள்வது நலம்.

முதலில் ஓர் எளிய சோதனை செய்து பார்ப்போம். ஒரு குவளையில் ஐஸ் கட்டிகளை இட்டு, அவை மிதக்கும்படி விளிம்பு வரை நீர் ஊற்றுவோம். கட்டிகள் முற்றிலும் கரைந்த பின்னும் நீர் வழிவதில்லை. மிதக்கும் கட்டி தன் எடைக்குச் சமமான நீரை முன்னரே விலக்கிவிடுவதே காரணம். நிறைந்த அதே குவளையில் புதிதாக ஒரு கட்டியைப் போட்டாலோ நீர் உடனே வழிகிறது.

ஆகவே, கடலில் மிதக்கும் பனியைவிட, நிலத்தின் மேல் கிடக்கும் பனியே நாம் கவலை கொள்ள வேண்டியது. கிரீன்லாந்துத் தீவை மூடியுள்ள பனிப்பாளம் மலேசியாவைப் போல் ஐந்து மடங்கு பரப்புடையது. சில இடங்களில் 3 கிலோமீட்டர் தடிப்புள்ளது. 2002ஆம் ஆண்டு முதல் துணைக்கோள்கள் அளந்ததில், அங்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 27,000 கோடி டன் பனி குறைந்து வந்துள்ளது. சுமார் 36,000 கோடி டன் பனி கடலில் சேர்ந்தால், உலகக் கடல் மட்டம் 1 மில்லிமீட்டர் உயரும். அண்டார்டிக்காவும் பனியை இழந்து வருகிறது. வெப்பத்தால் கடல்நீரே விரிவடைவதும் மற்றொரு காரணமாகும்.

ஒரு மில்லிமீட்டர் அற்பமன்றோ எனத் தோன்றலாம். பால்மரத்தில் சொட்டுச் சொட்டாக வடியும் பால்தான் மங்கை நிறைக்கிறது என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? 1993 முதல் 2023 வரை கடல் மட்டம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர்ந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 2 மில்லிமீட்டராக இருந்த வேகம், 2023இல் 4 மில்லிமீட்டரைக் கடந்துவிட்டது.

நம் நாட்டில் கேரித்தீவு போன்ற தாழ்வான கடலோரப் பகுதிகளில், மண்கரைகளே செம்பனைத் தோட்டங்களைக் கடல்நீரினின்று காக்கின்றன. கடல் உயர உயர, பெருக்குக் காலத்தில் அக்கரைகளின் மீது அழுத்தம் மிகும். உப்புநீர் உட்புகுந்தால் பயிரும் கெடும்; உழைப்போர் பிழைப்பும் கெடும்.

அலையின் வேகத்தைத் தணிக்கும் சதுப்புநிலக் காடுகளை அழியாது காப்பதும், மின்சாரத்தையும் எரிபொருளையும் வீணாக்காதிருப்பதும் நம் கடமையாகும். துளித்துளியாக வரும் கேட்டைத் துளித்துளியான முயற்சியாலேயே தடுக்கத் தொடங்குவோம்.