சமன்பாட்டைத் தீர்த்தவருக்கு டூரிங் விருது

"இந்தச் சமன்பாடுகளைப் படித்து என்ன பயன், டீச்சர்?" என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. அவற்றைக் கணினி விரைவாகத் தீர்க்க வழி கண்ட பேராசிரியர் ஒருவருக்கு, கணினித் துறையின் நோபல் பரிசு எனப்படும் டூரிங் விருது 2021-ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது. அவர்தான் அமெரிக்காவின் ஜேக் டொங்காரா.

1950-இல் சிகாகோவில் பிறந்த இவர், உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியராகவே விரும்பினார். கல்லூரியில் கணிதம் படித்தபோது ஒரு பேராசிரியர் சொன்னதைக் கேட்டு ஆர்கோன் தேசிய ஆய்வகத்திற்குப் பயிற்சிக்குச் சென்றார். அங்கே கணினிமீது ஏற்பட்ட ஈடுபாடு அவரது பாதையை மாற்றியது. 1980-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1989 முதல் டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

நீக்கல் முறை

2 ரொட்டி சானாயும் 1 தேநீரும் 7 ரிங்கிட். 1 ரொட்டி சானாயும் 3 தேநீரும் 8 ரிங்கிட் 50 சென். ஒவ்வொன்றின் விலை என்ன?

இரண்டாவது வரியை இரண்டால் பெருக்குங்கள்: 2 ரொட்டியும் 6 தேநீரும் 17 ரிங்கிட். இதிலிருந்து முதல் வரியைக் கழித்தால் ரொட்டி நீங்கிவிடும். 5 தேநீர் 10 ரிங்கிட். ஆக, ஒரு தேநீர் 2 ரிங்கிட், ஒரு ரொட்டி 2 ரிங்கிட் 50 சென். இதுவே காஸ் நீக்கல் முறை.

பாலம் பாரத்தைத் தாங்குமா, விமானச் சிறகு எவ்வளவு வளையும் என்று கணிக்கும் பொறியாளர்களுக்கும் இத்தகைய சமன்பாடுகளே கிடைக்கின்றன. ஆனால், கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு சமன்பாட்டிலும் எல்லா எண்களும் இடம்பெற்றால், 1,000 எண்களைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய 670 மில்லியன் கணக்கீடுகள் தேவை. எண்கள் இரு மடங்கானால் வேலை எட்டு மடங்காகும்.

வேகத்தின் இரகசியம்

கணினி நொடியில் பெருக்கிவிடும். பெருக்க வேண்டிய எண்களை நினைவகத்திலிருந்து கொண்டு வருவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். சமைக்கும்போது ஒவ்வொரு மிளகாய்க்கும் கடைக்கு ஓடினால் சமையல் எப்போது முடியும்? தேவையானதை ஒரே தடவையில் வாங்கி வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலை விரைவில் முடியும்.

டொங்காராவும் மற்ற மூவரும் எழுதிய லின்பேக் மென்பொருளின் வழிகாட்டி நூல் 1979-இல் வெளிவந்தது. அது எண்களை நெடுவரிசையாக எடுத்துக் கணக்கிட்டது. பல அறிஞர்களுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய லாபேக் 1992-இல் வந்தது. இது எண் அட்டவணையைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்தைச் செயலிக்கு அருகிலுள்ள சிறு நினைவகத்திற்குக் கொண்டு வந்ததும், அதைக்கொண்டு இயன்ற அளவு கணக்குகளை முடித்துவிட்டே அடுத்ததைத் தொடும். நீக்கல் முறை மாறவில்லை. வேலையை அடுக்கும் விதம்தான் மாறியது. இன்று பைத்தான் மொழியின் நம்பை தொகுப்பில் நீங்கள் சமன்பாடு தீர்த்தாலும், உள்ளே லாபேக் முறைகளே இயங்குகின்றன.

உலகின் அதிவேகக் கணினிகளை வரிசைப்படுத்தும் 'டாப் 500' பட்டியல் 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை வெளிவருகிறது. இதைத் தொடங்கியவர்களில் டொங்காராவும் ஒருவர். போட்டிக்கான சோதனை என்ன தெரியுமா? மிகப் பெரிய சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்ப்பதுதான்! 2022-இல் முதலிடம் பிடித்த ஃபிரான்டியர் கணினி, இச்சோதனையில் நொடிக்கு 1-க்குப் பின் 18 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையையும் தாண்டிக் கணக்கிட்டது.

ஆகவே, அடுத்த முறை சமன்பாடு தீர்க்கும்போது விடையோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை படிகளில் முடித்தீர்கள், அதையே குறைந்த உழைப்பில் செய்ய முடியுமா என்றும் பாருங்கள். கணினி அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.

சிந்திக்க: கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் நான்கு மடங்கானால், வேலை எத்தனை மடங்காகும்?

(விடை: 64 மடங்கு)