கல் உப்பில் பவளம் வளருமா?

எலவனாசூர்கோட்டையில் இருப்பவர் கடலைப் பார்க்க உளுந்தூர்ப்பேட்டை, பண்ருட்டி தாண்டிக் கடலூர் வரை போயாக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் பவளம் வளர்க்கும் ரீஃப் டேங்க் வைக்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடித் தொட்டி, விளக்கு, பம்ப் எல்லாம் சென்னைக் கொளத்தூர் கடைகளில் கிடைத்துவிடும். ஆள் தடுமாறுவது உப்பு வாளிகள் முன்னால் நிற்கும்போதுதான். ஒன்று விலை குறைவு, ஒன்றில் ‘ப்ரோ’ என்று எழுதியிருக்கிறது, பக்கத்தில் நிற்பவரோ “இதெல்லாம் எதுக்குங்க, கல் உப்பே போதும்” என்கிறார். உப்பைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கலாம்.

நம்பிக்கை: தூத்துக்குடிக் கல் உப்பும் கடலில் விளைந்ததுதானே!

கடலில் விளைந்ததுதான். ஆனால் அதில் கடல் முழுவதும் இல்லை. 1 கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சோடியமும் குளோரைடும் மட்டும் 30 கிராம். மீதி 5 கிராமில் சல்பேட் 2.7, மெக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம் அளவுக்கு உண்டு. பவளத்தின் பிழைப்பு அந்த 5 கிராமை நம்பித்தான் இருக்கிறது.

உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது முதலில் கால்சியம் கார்பனேட் படியும். ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கான பிறகுதான் சமையல் உப்பு. 1849இல் உசிக்லியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல் நீரைச் சுண்டவைத்து இந்த வரிசையைப் பதிவுசெய்தார். மெக்னீசியமும் பொட்டாசியமும் எஞ்சிய கசப்பு நீரிலேயே தங்கிவிடும். அவை சேர்ந்தால் உப்பு கசக்கும், ஈரம் கோக்கும் என்பதால் அந்த நீரைப் பாத்தியிலிருந்து வடித்துவிடுவார்கள். நல்ல சமையல் உப்புக்காக உப்பளத்தில் ஒதுக்கித் தள்ளுவதுதான் பவளத்துக்கு வேண்டியது.

சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் உலகக் கடல்களிலிருந்து கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை ஆராய்ந்த வில்லியம் டிட்மர் 1884இல் முடிவுகளை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், முக்கியத் தாதுக்கள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் ஏறக்குறைய மாறவில்லை. மரைன் சால்ட் தயாரிப்பவர்கள் நகலெடுக்க முயல்வது இந்த விகிதத்தைத்தான்.

நம்பிக்கை: கடலூரில் நாலு கேன் பிடித்து வந்தால் உப்புச் செலவே இல்லை.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கடைசியில் எங்கே போகிறது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கின்றன. கெடிலமும் தென்பெண்ணையும் கடலூர்ப் பக்கம் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது வெள்ளாற்று முகத்துவாரத்தில் உப்பு ஏறக்குறைய நன்னீர் அளவுக்கு இறங்கிவிடும். கரையோரக் கடலும் நீர்த்துப்போகும். வயல் உரமும் ஊர்க் கழிவும் அந்த வெள்ளத்தோடு வந்து சேரும்.

கடலோர ஆய்வு நிலையங்கள் இயற்கைக் கடல்நீரைத்தான் பயன்படுத்துகின்றன என்பது உண்மை. ஆனால் அங்கே வடிகட்டி உண்டு, கிருமிநீக்கம் உண்டு, பரிசோதனையும் உண்டு. மூடிய கேனில், வெயிலில், மணிக்கணக்கில் பயணம் செய்யும் நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகும். வீட்டுக்கு வந்து சேரும்போது அதில் அம்மோனியா ஏறியிருக்கும்.

நம்பிக்கை: உப்பு உயர்ந்ததாக இருந்தால் தண்ணீர் எதுவானாலும் சரி.

இந்த வட்டாரத்தில் பாறைக்குள் இறங்கும் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தன்மை உள்ளது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை ஏற்கிறது. ரீஃப் டேங்க் வைத்திருப்பவர்களோ அதை 10க்குள் வைக்கப் பாடுபடுகிறார்கள். மனிதர் குடிக்கத் தகுந்த நீர் பவளத்துக்கும் தகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சமையலறை ஆர்ஓ இருக்கிறதே என்பார்கள். வீட்டு ஆர்ஓ கருவிகள் பலவற்றில், சுவைக்காக, வடிகட்டாத நீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலக்கும் ‘டிடிஎஸ் கன்ட்ரோலர்’ இருக்கும். தொட்டிக்கு எடுக்கும் நீரில் அந்தக் கலப்பு கூடாது. ஆர்ஓவுக்கு அடுத்து, எஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குழாயும் வேண்டும். பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் 0 காட்டினால்தான் வாளியில் எழுதியிருக்கும் கணக்கு உங்கள் தொட்டியிலும் செல்லும்.

நம்பிக்கை: கால்சியமும் கேஎச்சும் எவ்வளவு அதிகமோ, பவளத்துக்கு அவ்வளவு நல்லது.

இயற்கைக் கடலில் கேஎச், அதாவது கார்பனேட் காரத்தன்மை, 7 அளவில் இருக்கிறது. கால்சியம் லிட்டருக்கு 410 முதல் 420 மில்லிகிராம். ‘ப்ரோ’ வகை உப்புகள் சிலவற்றில் கேஎச் 12ஐத் தொடும். வேகமாக எலும்புக்கூடு கட்டும் கடினப் பவளத்துக்குக் கூடுதல் தீனியாகட்டும் என்பது எண்ணம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்பதில்லை. கேஎச் 8 உள்ள தொட்டியில் 10 சதவீத நீரை எடுத்துவிட்டு கேஎச் 12 உள்ள நீரை ஊற்றினால், மொத்தம் 8.4 ஆகும். பவளம் அடர்ந்த தொட்டி ஒரே நாளில் 1 அளவு கேஎச்சைத் தின்றுவிடக்கூடியது. ஆக, வாரம் ஒருமுறை மாற்றும் நீர் அரை நாள் பசிக்குக்கூடக் காணாது. அந்தத் தேவையைத் தனியாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும் கரைசல்கள்தான் தீர்க்கும். ஜெர்மானியர் பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய சுண்ணாம்பு நீர் முறை அப்படிப்பட்ட ஒன்று. மாறாக, சத்துக் குறைந்த தொட்டியில் கேஎச்சைத் திடீரென்று உயர்த்தினால் கடினப் பவளத்தின் நுனி வெந்ததுபோல் வெளுத்துவிடுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

அதே கணக்கு இன்னொரு பயத்தையும் போக்கும். பிராண்ட் மாற்றினால் தொட்டியே போய்விடும் என்பார்கள். 10 சதவீத நீர் மாற்றத்தில் எந்தப் பிராண்டும் 8ஐ 8.4க்கு மேல் கொண்டுபோவது அரிது. பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றினால்தான் அந்த 8 நேராக 10க்குத் தாவும்.

நம்பிக்கை: குறைந்த தண்ணீருக்கு உப்புநீரையே ஊற்ற வேண்டும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே இருக்கும். சித்திரை வெயிலில் 200 லிட்டர் தொட்டி தினம் 2 லிட்டர் இழக்கிறது என்று கொள்வோம். அதை லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரால் நிரப்பினால் பத்து நாளில் 700 கிராம் உப்பு கூடி, அளவு லிட்டருக்கு 38.5 கிராமாகிவிடும். ஈடுகட்ட ஊற்ற வேண்டியது ஆர்ஓ-டிஐ நீர்.

அளக்கும் கருவியும் ஏமாற்றும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் 0 வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. 35 அளவுக்கென்று விற்கும் சோதனைக் கரைசலில் சரிபார்க்க வேண்டும். 25 டிகிரியில் 35 அளவுக்கு ஒப்படர்த்தி 1.0264.

நம்பிக்கை: உப்பு சரியாக அமைந்தால் மன்னார் வளைகுடாப் பவளத்தையே வைக்கலாம்.

கூடவே கூடாது. கடினப் பவளங்கள் அனைத்தும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. கடலில் எடுப்பதும் விற்பதும் சிறைக்குரிய குற்றம். ஆனால் கோமாளி மீனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையமும் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைக்கும் முறைகளை உருவாக்கியிருக்கின்றன.

பவளத்துக்குப் பதில் மீன் என்றால் உப்புத் தேர்வே மாறிவிடுகிறது. மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு ‘ப்ரோ’ வாளி வீண் செலவு. கடல்நீரின் விகிதத்துக்கு நெருங்கிய சாதாரண மரைன் சால்ட் போதும். கடையில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, 35 அளவில் கேஎச், கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்று வாளியில் அச்சிட்டிருக்கிறார்களா என்பதை. அடுத்தது அளவுக் கணக்கு. உப்புக்கலவையில் ஈரமும் சேர்ந்திருப்பதால் லிட்டருக்கு 38 கிராம் என்று வைத்துக்கொண்டால், 200 லிட்டர் தொட்டிக்கு முதல் நிரப்புக்கு 7.6 கிலோ, வாரம் 20 லிட்டர் மாற்றுவதற்கு 760 கிராம். 20 கிலோ வாளி ஒன்று முதல் நிரப்பு போக நான்கு மாதத்துக்கு வரும். திறந்த வாளி மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டியாகும், அதனால் இறுக மூட வேண்டும். கலக்கும்போது தண்ணீரில்தான் உப்பைக் கொட்ட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து, காசு கொடுத்து வாங்கியது வாளியின் அடியிலேயே தங்கிவிடும்.