பல் பிடுங்கிய பின் வீட்டில் செய்யத்தக்கவை

பல்லைப் பிடுங்குவதைக் காட்டிலும் அதற்குப் பிந்திய மூன்று தினங்களே கிராமவாசிகளுக்கு அதிகத் தொல்லை தருகின்றன. ஆஸ்பத்திரியில் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. வீடு திரும்பியவரோ திண்ணையில் அமர்ந்து பீடி ஒன்றைப் பற்றவைக்கிறார். அல்லது பிறர் சொற்கேட்டு உப்பு ஜலத்தால் ஓயாமல் கொப்பளிக்கிறார். தொல்லை ஆரம்பமாவது இங்கேதான்.

பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து கட்டியாக நிற்கிறது. அடியிலுள்ள எலும்பையும் நரம்பையும் மூடிக் காப்பது அதுவே. வைத்தியர் வைத்த துணியை அரைமணி முதல் முக்கால்மணி வரை அழுத்திக் கடித்திருக்கச் சொல்வது இரத்தம் உறைவதற்காகவே. அடிக்கடி எடுத்துப் பார்த்தலாகாது. முதல் 24 மணி நேரத்தில் கொப்பளித்தல், காறித் துப்புதல், எதையும் உறிஞ்சிக் குடித்தல் ஆகிய யாவும் அக்கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும். பெயர்ந்தால் சில தினங்களுக்குள் வலி காதுவரை ஏறும், துர்நாற்றமும் உண்டாகும். அதற்கு வீட்டு மருந்து போதாது. மீண்டும் வைத்தியரிடமே செல்லவேண்டும். புகையிலை, வெற்றிலைபாக்கு ஆகியவற்றை மூன்று நாட்களேனும் விலக்குதல் அவசியம். முதல் நாள் மூட்டை தூக்குவதும் கூடாது.

எச்சிலில் ஒரு நாள்வரை சிறிது சிவப்புக் காண்பது இயல்பே. இரத்தம் வழியுமாயின் சுத்தமான துணியைக் கொதித்தாறிய ஜலத்தில் நனைத்துப் பிழிந்து, குழியின்மேல் வைத்து அரைமணி கடிக்கவேண்டும். அப்பொழுதும் நிற்காவிடில் ஆஸ்பத்திரிக்குச் செல்வதே தகும்.

மரத்த உதடு தெளியும்வரை ஆகாரம் வேண்டாம், உதடே கடிபட்டுவிடும். பிறகு ஆறிய கஞ்சி, கூழ், குழைந்த மோர்ச்சாதம் போதும். முதல் நாள் கன்னத்தின் வெளிப்புறம் குளிர்ந்த ஈரத்துணியை விட்டுவிட்டு வைத்தால் வீக்கம் தணியும். தலையை உயர்த்திப் படுப்பதும் நன்று.

பெரியோர் கூறும் உப்பு ஜலம் நல்லதுதான், நாள்தான் தவறுகிறது. மறுநாள் முதல், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான ஜலத்தில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உண்டபின் வாயில் வைத்திருந்து மெதுவாக வழியவிடவேண்டும்.

வலிக்கு வைத்தியர் கொடுத்த மாத்திரையை, அவர் சொன்ன அளவில் விழுங்கவேண்டும். ஈற்றின்மேல் வைத்தால் அவ்விடம் வெந்து புண்ணாகும். ஆஸ்பிரின் இரத்தப்போக்கை மிகுவிக்குமாதலால் வலிக்கென்று தாமாக வாங்கி உண்ணலாகாது. ஆயினும் இருதய நோய்க்காக அதைத் தினந்தோறும் உண்போர், வைத்தியரைக் கேளாமல் நிறுத்துவது அபாயம். நீரிழிவுடையோர்க்குப் புண் ஆறத் தாமதமாகலாம். அவர்கள் அதனை முன்னரே வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.

வீக்கம் மூன்றாம் நாளுக்குப் பின்னும் வளர்ந்தாலும், ஜுரம் கண்டாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமப்பட்டாலோ, விடியட்டும் என்றிராமல் அன்றிரவே நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பிக்கவேண்டும்.