தொட்டிச் செடிகளில் களை: முளைக்கும் முன்பே தடுப்பது எப்படி?

கோயில் நந்தவனத்துக்காக மல்லிகை, அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை என்று தொட்டிகளில் வளர்த்துத் தரும் அன்பர்கள் நம்மிடையே பலர். ஆனால் உழவாரத் தொண்டுக்கு வருபவர்களின் நேரம் தொட்டியில் களை பிடுங்குவதிலேயே கழிகிறது. அமெரிக்க நர்சரிக்காரர்கள் இதற்குக் கையாளும் வழி, களை முளைக்கும் முன்பே இடும் களைக்கொல்லி. அன்பர்கள் சிலர் கேட்டதால் அதைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

இந்த மருந்து மண்ணின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகத் தங்கி, விதை முளைவிடும்போதே அதன் வளர்ச்சியை நிறுத்திவிடும். வளர்ந்து நிற்கும் களையை ஒன்றும் செய்யாது. ஆகவே முதலில் தொட்டியைக் கையால் சுத்தம் செய்தே ஆகவேண்டும். புளியாரை, அம்மான் பச்சரிசி இனம், காய் முற்றியபின் தொட்டால் விதையைத் தெறிக்கும் பிட்டர்கிரஸ் ஆகியவற்றைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். கோரை கிழங்கிலிருந்து வருவது, அருகு தண்டோடிப் பரவுவது. இவ்விரண்டுக்கும் இம்மருந்தை நம்ப வேண்டாம். (இந்நாட்டவர் பெர்முடா புல் என்று விலை கொடுத்து வாங்கிப் புல்தரை போடுவது நம் பிள்ளையாரின் அருகைத்தான்!)

நர்சரிகளில் பரவலாகப் பயன்படும் ஸ்நாப்ஷாட் 2.5 டிஜி குறுமணியை உதாரணமாகக் கொள்வோம். அதில் டிரைஃப்ளூரலின் 2 சதவீதம், ஐசாக்சபென் 0.5 சதவீதம். அளவு 1000 சதுர அடிக்கு 2.3 முதல் 4.6 பவுண்டு வரை. தொட்டிகள் நிற்கும் இடம் 10 அடிக்கு 20 அடி என்றால், உச்ச அளவிலும் ஒரு பவுண்டு கூட ஆகாது. கைப்பிடிக் கணக்கு உதவாது. தராசில் நிறுத்து, இரண்டு பங்காக்கி, ஒன்றை நீளவாக்கிலும் மற்றதைக் குறுக்குவாக்கிலும் தூவ வேண்டும். தூவும்போது தொட்டிகளை நெருக்கி வையுங்கள். இடைவெளியில் விழுந்த மருந்து நீரோடு ஓடிப்போகும். டிரைஃப்ளூரலின் மீன்களுக்குக் கொடிய நஞ்சு.

இலை காய்ந்திருக்கும்போது, கையுறை அணிந்து தூவி, இலைமேல் தங்கியதை உதறிவிட்டு, அரை அங்குல அளவுக்கு நீர் விடுங்கள். தினமும் நீர் பாயும் தொட்டிகளில் பலன் சுமார் 8 முதல் 10 வாரம். இடையில் மண்ணைக் கிளறினால் படலம் கலைந்துவிடும். குளிர்காலத்தில் செடிகளை அடைத்து வைக்கும் பசுமைக் கூடத்திலோ வீட்டுக்குள்ளோ இதை இடவே கூடாது. ஆவி வெளியேற வழியின்றிச் செடியைக் கெடுக்கும். வேர் பிடிக்காத குச்சிகளுக்கும் ஆகாது.

செடியின் பெயர் லேபிளில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பையைப் பிரியுங்கள். லேபிளுக்கு மாறாகப் பயன்படுத்துவது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம்.

துளசி, வில்வம், கறிவேப்பிலைத் தொட்டிகளில் இதைத் தூவக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறோம். இது அலங்காரச் செடிகளுக்கான மருந்து. துளசியோ தீர்த்தத்தோடு குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை வாயில் இடுவது. அத்தொட்டிகளை வரிசையிலிருந்து தள்ளி வைத்து, மண்மேல் தேங்காய் நாரோ மரப்பட்டையோ ஓர் அங்குலம் பரப்புங்கள். மிஞ்சும் களையைக் கையால் எடுப்பது பெரிய வேலையில்லை.

மருந்து இட்ட தொட்டியைக் கோயிலுக்குத் தரும்போது, மருந்தின் பெயரும் இட்ட தேதியும் எழுதிய சீட்டை அதில் செருகித் தாருங்கள். அர்ச்சனைக்குப் பறிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.