மொட்டை மாடி டிஷ்ஷை அகற்றச் சொல்ல சங்கத்துக்கு உரிமை உண்டா?

கேள்வி: தாம்பரத்தில் 12 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில், இரண்டாம் தளத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். சென்ற ஆண்டு, அப்போதைய செயலாளரிடம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு மொட்டை மாடியில் டி.டி.எச். டிஷ் வைத்தோம். நிறுவனம் அனுப்பிய ஆள் கைப்பிடிச் சுவரில் நான்கு போல்ட் அடித்து மாட்டிவிட்டுப் போனார். எர்த் எதுவும் கொடுக்கவில்லை. போன மாதம் மழை விட்ட ஒரு சாயங்காலம், மூன்றாம் தளத்து அம்மா துணி எடுக்கப் போனபோது கொடிக் கம்பியில் ஷாக் அடித்துக் கீழே விழுந்துவிட்டார். அந்தக் கம்பியின் ஒரு முனை எங்கள் டிஷ் கம்பத்தில் கட்டியிருந்தது. கட்டியவர்கள் நாங்கள் அல்ல. மறுநாளே சங்கத்தார் எங்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். ஒரு வாரத்தில் டிஷ்ஷை எடுக்க வேண்டும், மருத்துவச் செலவையும் நாங்களே தர வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மாடியில் வேறு நான்கு டிஷ்கள் இருக்கின்றன. அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. டிஷ் வைப்பதை யாரும் தடுக்க முடியாது என்கிறான் அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி. நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, தாம்பரம்

பதில்: சகோதரி, சட்டத்துக்கு முன் ஒரு விஷயம். வெட்டிய கேபிளை எக்காரணம் கொண்டும் இப்போது ஒட்டாதீர்கள். உங்கள் வீட்டு டி.வி., செட்டாப் பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். கசிவு உங்கள் வீட்டிலிருந்து வந்திருந்தால், மாடியில் தொங்கும் அந்த வெட்டுமுனையிலும் மின்சாரம் இருக்கலாம்.

செட்டாப் பாக்ஸிலிருந்து டிஷ்ஷின் சிக்னல் வாங்கியான எல்.என்.பி.க்குப் போவது 13 அல்லது 18 வோல்ட்தான். ஒருவரைக் கீழே தள்ளும் ஷாக் அதனால் வராது. அப்படியென்றால் 230 வோல்ட் எங்கிருந்தோ வந்திருக்கிறது. உங்கள் டி.வி.யோ அடாப்டரோ பழுதாகி, கேபிளின் வெளிப்பின்னல் வழியாக டிஷ்ஷுக்கும், அங்கிருந்து கொடிக் கம்பிக்கும் ஏறியிருக்கலாம். கம்பியின் மறுமுனை எதில் கட்டியிருந்தது, வழியில் மாடி விளக்கின் ஒயரோ மோட்டார் ஒயரோ உரசியதா என்பதையும் பார்க்க வேண்டும். காரணம் உங்கள் டிஷ்தான் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அதனால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரைச் சங்கத்தார் முன்னிலையில் வரவழைத்துச் சோதித்து, முடிவை எழுத்தில் கையெழுத்துடன் வாங்குங்கள். எதையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். நாளை வழக்கு என்று வந்தால் இந்த ஒரு தாள்தான் பேசும்.

இனி உரிமை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2(என்) பிரிவு மொட்டை மாடியைப் பொதுப் பகுதிகளில் ஒன்றாகச் சொல்கிறது. கிரயப் பத்திரத்தில் உங்களுக்குப் பிரிபடாத பங்கு இருக்கும். மாடி யாருக்காவது தனியாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்களும் ஒரு கூட்டு உரிமையாளர். மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் அதைப் பயன்படுத்தலாம். பழைய செயலாளரின் வாய்மொழி அனுமதியை மட்டும் பெரிய ஆதாரமாக நம்பாதீர்கள். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி அது வெறும் உரிமம். 60-வது பிரிவின்படி அதைத் திரும்பப் பெறலாம். நிரந்தரக் கட்டுமானம் செய்திருந்தால் நிலைமை வேறு. நான்கு போல்ட்டை நிரந்தரக் கட்டுமானம் என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாட நான் துணிய மாட்டேன். உங்கள் பலம் பத்திரத்தில் இருக்கிறது.

எங்கே வைப்பது, எப்படி மாட்டுவது, கேபிள் எந்த வழியாக இறங்குவது என்றெல்லாம் சங்கம் விதி போடலாம். அந்த விதி ஐந்து டிஷ்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்வது நிற்காது. ‘பால்கனியில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வார்கள். சென்னைப் பக்கத்திலிருந்து நம் டி.டி.எச். செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை வானில் ஏறக்குறைய 70 பாகை உயரத்தில், தலைக்குச் சற்றே சாய்வாக இருக்கின்றன. மேல் வீட்டுப் பால்கனித் தளம் அந்தப் பார்வையை மறைத்துவிடும். மாடி உங்களுக்குத் தேவை என்பதற்கு இது நல்ல காரணம், கடிதத்தில் எழுதுங்கள்.

தம்பி சொல்வது அமெரிக்க விதி. 1996 முதல் அங்கே ஒரு மீட்டர் வரையிலான டிஷ்ஷைக் குடியிருப்புச் சங்கங்கள் காரணமின்றித் தடுக்கக் கூடாது. ஆனால் அது ஒருவர் தனக்கென்றே பயன்படுத்தும் இடத்துக்குத்தான்; பொது மாடிக்குப் பொருந்தாது. எர்த் கொடுக்கச் சொல்வது போன்ற நியாயமான பாதுகாப்பு நிபந்தனைகளை அங்கேயும் விதிக்கலாம். நம் ஊரில் அதைக் காட்டி வாதாட முடியாது.

கேபிளை வெட்டியது தவறு. பிறர் பொருளைச் சேதப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-வது பிரிவில் வருகிறது. ஆனாலும் உடனே காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஒருவர் ஷாக் அடித்து விழுந்த மறுநாள் அது நடந்திருக்கிறது. ஆபத்தைத் தடுக்கவே வெட்டினோம் என்று அவர்கள் சொன்னால் அதை எளிதில் ஒதுக்க முடியாது. வெட்டியதைப் பதிவு செய்து எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் போதும்.

மருத்துவச் செலவுதான் சிக்கலான பகுதி. எர்த் இல்லாமல் மாட்டிய நிறுவனம், கம்பத்தில் கொடி கட்டியவர், பொது மாடியைப் பராமரிக்கும் சங்கம், வீட்டில் பழுதான பொருள் இருந்திருந்தால் நீங்கள் என நான்கு பேரின் கவனக்குறைவு இதில் பேசப்படலாம். முழுச் சுமையையும் நோட்டீஸ் ஒட்டி உங்கள் தலையில் கட்ட சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அந்த அம்மாவை இதுவரை போய்ப் பார்க்காமல் இருந்தால் இன்றே போய்ப் பாருங்கள். செலவில் உதவ விரும்பினால், ‘பொறுப்பை ஒப்புக்கொண்டதாகக் கருதக் கூடாது’ என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அடிபட்டவருக்கு உதவுவதற்குச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை.

நிறுவனத்தை விட்டுவிடாதீர்கள். புகார் கொடுத்துப் பதிவு எண்ணை வாங்குங்கள். பலனில்லையென்றால் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எர்த் இல்லாமல் மாட்டியது சேவைக் குறைபாடு என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த கட்டணம் 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டுகள். டிஷ் மாட்டியது சென்ற ஆண்டுதான் என்பதால் இப்போது தாமதம் இல்லை, தள்ளிப் போடாதீர்கள். மாட்டிய நாளின் ரசீதைத் தேடி எடுங்கள்.

திரும்ப மாட்டும்போது எர்த் சரியாக இருக்க வேண்டும். ஆண்டெனாக்களுக்கான சர்வதேசத் தரம் 60728-11, கம்பத்திலிருந்து எர்த்துக்கு இறங்கும் தாமிரக் கம்பி 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அது கட்டடத்தின் பிரதான எர்த்தோடு சேர வேண்டும். தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து, பிரதான எர்த்தோடு இணைக்காமல் விடுவது ஆபத்து. தண்ணீர்க் குழாயில் கட்டக் கூடாது. இப்போதெல்லாம் பாதிக்குமேல் பிளாஸ்டிக் குழாய்தான். நியூட்ரலில் சேர்ப்பதாக யாராவது சொன்னால் அவரை வேலை செய்ய விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் டிஷ் முழுவதும் மின்சாரம் ஏறும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதன் வெளிப்பின்னலையும் எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள். வீட்டில் மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே வைத்துவிடுங்கள். இவ்வளவு செய்தாலும் நேரடி இடியை எர்த் கம்பி தாங்கும் என்று எண்ண வேண்டாம். இடி தொடங்கும் முன்பே பிளக்கோடு கேபிளையும் கழற்றி வையுங்கள்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனின் அறிக்கையை இணைத்து, மற்ற நான்கு டிஷ்களுக்கும் இதே சோதனை வேண்டும், டிஷ் கம்பங்களில் கொடி கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்று சங்கத்துக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அதன் பிறகும் அகற்றத்தான் வேண்டும் என்றால், உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். அதற்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, இரு தரப்பையும் சமரசத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. மனுவை உங்கள் பெயரிலேயே போடுங்கள்.