லேப்டாப் ஆன் பண்ணதும் எரர் வருதா? முதல்ல பேங்க் அக்கவுண்ட்டைப் பாருங்க!



போன ஜூலையில, ரிட்டர்ன் ஃபைலிங் உச்சத்துல இருந்தப்ப நான் ஒரு தப்பு பண்ணேன். பாஸ்வேர்ட் போட்ட பேங்க் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்கள் குவிஞ்சு கிடந்தது. ஒவ்வொண்ணா திறக்கப் பொறுமை இல்லாம, இலவசமா கிடைச்ச ஒரு அன்லாக் சாஃப்ட்வேரை இறக்கிட்டேன். மறுநாள்ல இருந்து லேப்டாப் ஆன் பண்ணதும் 'ரன்டிஎல்எல்'னு ஒரு சின்னப் பெட்டி. ஏதோ ஒரு ஃபைலைத் தொடங்க முடியலை, அது கிடைக்கலைன்னு சொல்லும். ஓகே கொடுத்தா போயிடும். நாலு நாள் ஓகே கொடுத்துட்டே இருந்தேன்.

அந்த எரருக்கு அர்த்தம் இதுதான். ஆன் ஆகும்போது எதையெல்லாம் ஓட்டணும்னு விண்டோஸ்கிட்ட ஒரு பட்டியல் இருக்கு. மால்வேர் உள்ளே வந்ததும் அதுல தன் பேரை எழுதிக்கும். அப்புறம் ஆன்டிவைரஸ் அந்த ஃபைலை அழிச்சாலும், பட்டியல்ல பேர் அப்படியே நிக்கலாம். விண்டோஸ் தினமும் தேடிட்டு 'காணோம்'னு சொல்லுது. அதாவது அந்த ஃபைல் இப்போ இல்லை. ஆனா இருந்த நேரத்துல எதை எடுத்துட்டுப் போச்சு?

பதறவும் வேண்டாம். பழைய பிரிண்டர் சாஃப்ட்வேரை எடுத்தாலும் இதே எரர் வரும். பெட்டியில இருக்கிற ஃபைல் முகவரியைப் படிங்க. 'புரோகிராம் ஃபைல்ஸ்'ல தெரிஞ்ச கம்பெனி பேர்னா பெரும்பாலும் மிச்சம் மீதிதான். 'ஆப்டேட்டா' இல்ல 'டெம்ப்' ஃபோல்டர்ல, வாயில நுழையாத எழுத்துக் கோர்வைன்னா சந்தேகப்படுங்க. அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி' பாருங்க. எனக்கு அங்கே 'ட்ரோஜன்'னு சிவப்புல இருந்தது.

உடனே நெட்டைத் துண்டிச்சுட்டு போனைக் கையில எடுங்க. பாஸ்வேர்ட் மாத்துறதெல்லாம் போன்லதான், அந்த லேப்டாப்ல இல்லை. முதல்ல ஈமெயில், ஏன்னா மத்த எல்லா ரீசெட் லிங்க்கும் அங்கேதான் வரும். கூடவே 'எல்லா டிவைஸ்லயும் சைன் அவுட்' கொடுங்க. பாஸ்வேர்டே இல்லாம, ஏற்கனவே லாகின் ஆன நிலையைத் திருடுற மால்வேரும் உண்டு. அப்புறம் நெட் பேங்கிங், டீமேட், வருமான வரி போர்ட்டல், பிஎஃப் யூஏஎன். பிரவுசர்ல சேவ் பண்ண எல்லா பாஸ்வேர்டும் போயிடுச்சுன்னே வெச்சுக்கங்க.

'ஓடிபி என் போனுக்குத்தானே வரும்?'னு கேப்பீங்க. போன் மெசேஜை லேப்டாப் பிரவுசர்ல பாக்கற வசதியை இணைச்சு வெச்சிருந்தா, ஓடிபி அங்கேயும் தெரியும். வாட்ஸ்அப் வெப் உள்பட எல்லாத்தையும் துண்டிங்க. கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் பேங்க் ஆப்ல ஆஃப் பண்ணுங்க. பல வெளிநாட்டு சைட்கள் ஓடிபியே கேக்காது.

பணம் ஏற்கனவே போயிருந்தா உடனே 1930-க்கு போன், அதோட பேங்க்குக்கும் எழுத்துல புகார். ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தப்பு நம்ம மேலயும் பேங்க் மேலயும் இல்லைன்னா, பேங்க் தகவல் வந்து 3 வேலை நாளுக்குள்ள சொன்னா நமக்கு நஷ்டம் இல்லை. 4-ல இருந்து 7 நாள்னா, சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். நம்ம அஜாக்கிரதைன்னா, புகார் கொடுக்கிற வரைக்கும் போனது நம்ம தலையில. ஆனா அதை நிரூபிக்க வேண்டியது பேங்க்தான். நான் ஓகே கொடுத்த அந்த நாலு நாளை இப்போ எண்ணிப் பாருங்க!

எனக்குப் பணம் போகலை. ஆனா கிளையன்ட்களோட போர்ட்டல் பாஸ்வேர்டுகளும் என் பிரவுசர்லதான் இருந்தது. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, விஷயத்தைச் சொல்லி, மாத்தச் சொன்னேன். ரொம்ப சங்கடமான ரெண்டு நாள்.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு லேப்டாப். டிஃபெண்டர்ல 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்க, விண்டோஸ் முழுசா ஏறுறதுக்கு முன்னாடியே தேடும். மைக்ரோசாஃப்ட்டோட இலவச 'ஆட்டோரன்ஸ்' டூல்ல, ஃபைல் இல்லாத பதிவு மஞ்சள் நிறத்துல தெரியும். எரர்ல வந்த அதே பேர்னா டிக்கை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. காணாத ஃபைலை நெட்ல தேடி மட்டும் இறக்கிடாதீங்க! எரர்ல போன் நம்பர் இருந்தா அது மோசடி. மைக்ரோசாஃப்ட் எரர்ல நம்பர் போடாது. மனசு ஒப்பலைன்னா, டாக்குமென்ட், போட்டோவை மட்டும் காப்பி எடுத்துட்டு விண்டோஸை ரீஇன்ஸ்டால் பண்ணுங்க. நான் அதைத்தான் செஞ்சேன்.

ஆபீஸ் லேப்டாப்னா இதுல எதையும் நீங்களா செய்யாதீங்க. எரரை போன்ல போட்டோ எடுத்து, அன்னிக்கே ஐடி டீமுக்கு அனுப்புங்க. அதுல உங்க பேங்க் லாகின் பண்ணியிருந்தா, பாஸ்வேர்ட் மாத்துறது மட்டும் உங்க வேலை.