உழவர் வீட்டுக் கூலி

"விதை, உரம், ஆள்கூலி; கூட்டினால் முடிந்தது. இதற்கு ஒரு எம்.எஸ்ஸி.யா?" என்று ஆர்.கே.புரத்து நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. அந்தக் கூட்டலில்தான் வழக்கே இருக்கிறது.

விதை, எரு, ஆள்கூலி, மாட்டுக்கூலி, தேய்மானம், கொடுத்த குத்தகை முதலியவற்றின் தொகையை எங்கள் பாடத்தில் 'ஏ-2' என்பர். மனைவி நட்ட நடவுக்கும் மகன் பாய்ச்சிய நீருக்கும் யாரும் காசு கொடுப்பதில்லை. எனினும் ஊர்க்கூலியை ஒட்டி அவற்றை மதித்துச் சேர்த்தால் 'ஏ-2 கூட்டல் எஃப்.எல்.'. அதன்மேல் சொந்த நிலத்திற்கு வாரமும், சொந்த முதலுக்கு வட்டியும் சேர்த்தால் 'சி-2'.

செலவில் ஒன்றரை மடங்கு ஆதார விலை தருவதாக மத்திய அரசு 2018-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. எந்தச் செலவு? அரசு எடுத்துக்கொண்டது இடைப்பட்ட கணக்கை. 2024-25-இல் சாதாரண நெல்லுக்குக் குவிண்டால் ஒன்றுக்கு அக்கணக்கு ரூ.1,533, ஆதார விலை ரூ.2,300. உழவர் சங்கங்கள் கேட்பதோ சி-2-இன் ஒன்றரை மடங்கு.

வீட்டாரின் உழைப்பை மதிப்பிடும் சிக்கல் புதிதன்று. 1954-55-இல் பண்ணை நிர்வாக ஆய்வுகள் தொடங்கியபோது, அன்றைய சென்னை மாநிலத்தில் சேலமும் கோவையும் தேர்ந்தெடுக்கப்பட்டன. அத்தகைய ஆய்வுகளின் புள்ளிகளைக் கொண்டு 1962-இல் அமர்த்தியா சென் ஒரு கட்டுரை எழுதினார். வீட்டாரின் உழைப்புக்குச் சந்தைக் கூலி போட்டால், நம் நாட்டு வேளாண்மையின் பெரும்பகுதி நட்டமாகவே தோன்றும். அப்படியாயின் மக்கள் ஏன் உழுகிறார்கள்? வெளியே வேலை கிடைக்காத குடும்பம் தன் உழைப்பைச் சந்தைக் கூலியால் அளப்பதில்லை என்பது அவர் விளக்கம். சிறு நிலத்தில் ஏக்கருக்கு விளைச்சல் மிகுந்திருந்ததற்கும் இதையே காரணம் காட்டினார்.

விளக்கம் அருமையானது; ஆனால் அது அக்கால நிலைமைக்கு உரியது. இன்று கொங்கு நாட்டுப் பெண்ணுக்குத் திருப்பூர் பனியன் ஆலை அழைப்பு விடுகிறது. அதை விட்டுவிட்டுக் களையெடுப்பவளின் ஒரு நாளுக்கு, பக்கத்து வயலில் களையெடுப்பவளின் கூலியையே அளவாகக் கொள்வது போதுமா? போதாது என்பதே என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. கூலியாளுக்கு இட்ட சோறு செலவில் ஏறும். விடியுமுன் எழுந்து அதைச் சமைத்து வரப்புவரை சுமந்துபோன வீட்டுக்காரியின் நேரம் ஏ-2-இலும் இல்லை, சி-2-இலும் இல்லை.